சிறுமிகள் தைத்த சுவடிகள்

இங்கிலாந்து, அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பழைய பூத்தையல் துணிகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். அவற்றில் பலவற்றில் மரங்களின் இலைகள் நீலமாக இருக்கும். புல் நீலம், கொடி நீலம், ஆதாமும் ஏவாளும் நிற்கிற ஏதேன் தோட்டம்கூட நீலம். தைத்தவளுக்கு வயது எட்டோ பத்தோ இருக்கும் என்பதால், குழந்தையின் கற்பனை என்று நினைத்து நகர்ந்துவிடத் தோன்றும். சட்டத்தைக் கழற்றித் துணியைத் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வெளிச்சம் படாத பின்பக்கத்தில் அதே இலைகள் பச்சையாக இருக்கும். அந்தச் சிறுமி பச்சை இலையைத்தான் தைத்திருக்கிறாள்.

அந்தக் காலத்துச் சாயக்காரர்களிடம் நூலில் உறுதியாக நிற்கும் தனிப் பச்சைச் சாயம் எதுவும் இல்லை. நூலை முதலில் நீலத்தில் தோய்த்து, பிறகு மஞ்சளில் தோய்த்துத்தான் பச்சை எடுத்தார்கள். நீலம் அவுரியிலிருந்தோ, ஐரோப்பாவில் விளையும் வோட் என்ற செடியிலிருந்தோ வந்தது. செடிகள் வேறானாலும் இரண்டும் தரும் நீல மூலக்கூறு ஒன்றுதான். மஞ்சள் பெரும்பாலும் வெல்ட் என்ற செடியிலிருந்து கிடைத்தது. தாவர மஞ்சள்களில் வெல்ட் நல்ல உறுதியானதுதான். ஆனாலும் அவுரி அளவுக்கு வெளிச்சத்தைத் தாங்காது. இருநூறு முந்நூறு ஆண்டு வெளிச்சம் மஞ்சளைச் சிதைத்துவிட்டது. அடியில் இருந்த நீலம் நின்றுவிட்டது.

கருப்பு நூலின் கதை இன்னும் துயரமானது. மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கருப்புச் சாயம் காய்ச்சினார்கள். பழைய எழுதுமையும் அதே கலவைதான். அதிலுள்ள இரும்பு, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு பட்டுநூல் வினைபுரிவதை விரைவுபடுத்துகிறது. நூல் இற்றுப் பொடியாகி உதிர்கிறது. கருப்பில் தைத்த எழுத்துகளும் ஓரக்கோடுகளும் காணாமல் போன துணிகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட துணிகளில் ஊசி குத்திய துளைகளை உருப்பெருக்கியில் எண்ணி, என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்கலாம். சிவப்புதான் நன்றாக நிலைத்தது. மஞ்சிட்டிக்கு உறவான மேடர் செடியின் வேரிலிருந்து அதை எடுத்துப் படிகாரம் கொண்டு நூலில் பிடிக்கவைத்தார்கள். அந்தச் சிவப்புக்குக் காரணமான அலிசரின் நம் ஊர்ச் சாயவேரிலும் இருக்கிறது.

இந்தத் துணிகளை ஆங்கிலத்தில் சாம்ப்ளர் என்பார்கள். மாதிரித் தையல் துணி என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பயிற்சிக்காக மட்டும் தோன்றியவை அல்ல இவை. பூவேலை மாதிரிகள் அச்சாகாத காலத்தில், ஓர் இடத்தில் பார்த்த நல்ல வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஒரே வழி அதை ஒரு துண்டுத் துணியில் தைத்து வைப்பதுதான். எகிப்தில் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட 1250க்கும் 1517க்கும் இடைப்பட்ட காலத்துத் துண்டுகள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் வடிவங்கள் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அழகுக்காகத் தைத்தவையாக இருந்தால் அப்படிச் சிதறியிருக்காது. பின்னால் எடுத்துப் பார்த்துக்கொள்வதற்காகத் தைத்தவை அவை. இங்கிலாந்தில் 1502இல் அரசி எலிசபெத் ஆஃப் யார்க்கின் செலவுக் கணக்கில், அரசியின் சாம்ப்ளருக்காக லினன் துணி வாங்க எட்டுப் பென்ஸ் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. அரசிக்கும் அது ஒரு குறிப்பேடுதான். 1520களில் ஜெர்மனியில் தையல் வடிவங்கள் அச்சிட்ட புத்தகங்கள் வரத் தொடங்கின. அதற்குப் பிறகும் வெகுகாலம் துணியில் தைத்துவைக்கும் வழக்கம் நிற்கவில்லை.

தேதியிட்ட ஆங்கிலேய சாம்ப்ளர்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது 1598ஆம் ஆண்டினது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தைத்தவர் ஜேன் பாஸ்டாக். நாய், மான், கொடி, பூ எல்லாவற்றுக்கும் நடுவே, ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தது என்ற செய்தியையும் தைத்து வைத்திருக்கிறார். பிறந்த நேரத்தைக்கூட விடவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் இது சிறுமிகளின் கைக்கு வந்துவிட்டது. அக்காலச் சாம்ப்ளர்கள் பெரும்பாலும் நீளமான குறுகிய பட்டைகள். உருளையாகச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். வசதியான வீட்டுப் பெண் ஒருத்தியின் படிப்பு எப்படி நடந்தது என்பதற்கு மார்த்தா எட்லின் நல்ல சாட்சி. 1660இல் பிறந்தவள் அவள். எட்டு வயதில், 1668இல், வண்ணப் பட்டைச் சாம்ப்ளரை முடித்தாள். மறு ஆண்டே வெள்ளை நூலால் வெள்ளைத் துணியில் துளைவேலைச் சாம்ப்ளர். 1671இல், பதினொரு வயதில், நாற்புறமும் பூத்தையல் போர்த்திய ஒரு பேழை. 1673இல் மணிவேலை செய்த நகைப்பெட்டி. இவை தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்குமாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கைமாறி, இன்று அருங்காட்சியகத்தில் ஒன்றாக இருக்கின்றன. எட்டு வயதுக் கை எங்கே தடுமாறியது, பதினொரு வயதில் எப்படித் தேறியது என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். அதே நூற்றாண்டில் பிறந்த ஒரு சிறுவனின் கணக்கு நோட்டோ கையெழுத்து நோட்டோ இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது.

பதினெட்டாம் நூற்றாண்டில் துணி சதுரமானது. சுவரில் மாட்டும் பொருளானது. அகர வரிசை, எண்கள், ஒரு வீடு, இரண்டு மரங்கள், ஒரு நீதிச் செய்யுள், பெயர், வயது, ஆண்டு. பலர் சாம்ப்ளர் என்றதும் நினைப்பது இதைத்தான்.

எழுத்துகளைத் தைத்துப் பழகியதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. லினன் விரிப்புகளும் துவாலைகளும் அன்று விலை உயர்ந்த சொத்து. பெரிய வீடுகளில் துணிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக வெளுப்பார்கள். எது யாருடையது என்று தெரிய வேண்டும். ஒரே விரிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கிழித்துவிடாமல் எல்லாம் சமமாகத் தேய வேண்டும். அதற்காக ஒவ்வொரு துணியின் மூலையிலும் முதலெழுத்தும் எண்ணும் தைத்தார்கள். இந்தக் குறியீட்டுத் தையல் தெரிந்த பெண்ணுக்குப் பணிப்பெண் வேலை கிடைக்கும். பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லரின் அநாதை இல்லத்தில் பெண்பிள்ளைகள் தைத்த சாம்ப்ளர்களைப் பார்த்தால் இது புரியும். வீடும் மரமும் அவற்றில் முதன்மை இல்லை. வரிசை வரிசையாக, விதவிதமான அளவுகளில், மிகச் சிறிய எழுத்துகளும் எண்களும் ஓரங்களும் சிவப்பு நூலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இடம் துளியும் வீணாகியிருக்காது. அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது காட்ட வேண்டிய சான்றிதழ் அது.

பழைய சாம்ப்ளர்களில் ஜே, யூ இரண்டும் இல்லாமல் இருபத்து நான்கு எழுத்துகளே இருப்பதுண்டு. அன்று ஐ எழுத்தே ஜேக்கும், வி எழுத்தே யூவுக்கும் நின்றது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அன்றைய பள்ளிகள் வாசிப்பை முதலிலும் எழுத்தைப் பிறகும், தனித்தனிப் பாடங்களாகக் கற்பித்தன. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் வாசிக்கக் கற்றதோடு நின்றார்கள். இறகுப் பேனா அவர்கள் கைக்கு வரவே இல்லை. அவர்கள் வாழ்நாளில் தங்கள் பெயரைத் தாங்களே பொறித்த ஒரே இடம் இந்தத் துணியாக இருந்திருக்கலாம்.

இதில் அடங்கியிருக்கும் கணக்கைப் பற்றி யாரும் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். குறுக்குத் தையல், அதாவது கிராஸ் ஸ்டிச், துணியில் படம் வரைந்துகொண்டு தைப்பதல்ல. பாவு இழை இரண்டு, ஊடை இழை இரண்டு என்று எண்ணி, அந்தச் சிறு கட்டத்தின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். ஓர் அங்குலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இழைகள் ஓடும் துணிகள் சாதாரணம். நான்கு பக்கமும் கொடி ஓடும் ஓரப் பட்டையைத் தைக்கும்போது எங்கோ ஓர் இழை தவறினால், கடைசி மூலையில் கொடி வந்து சேராது. துணியின் அகலத்துக்குள் தன் பெயரில் எத்தனை எழுத்து அடங்கும், எழுத்துக்கு எத்தனை கட்டம், இடைவெளிக்கு எத்தனை என்று முன்கூட்டியே கூட்டிப் பெருக்கிப் பார்க்க வேண்டும். பார்க்காதவர்களும் இருந்தார்கள். வரி முடியுமிடத்தில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகளைத் தலைக்கு மேலே தைத்த துணிகளைப் பார்க்கையில், அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தது தெரிகிறது.

இதைவிட ஆழமான கணக்கு ஒன்று இரட்டை ஓட்டுத் தையலில் இருக்கிறது. ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த அரசி ஜேன் சீமோரின் உருவப்படத்தில் மணிக்கட்டு மடிப்பில் இந்த வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். அதனால் ஹோல்பைன் தையல் என்றும் சொல்வார்கள். மணிக்கட்டு மடிப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே வடிவம் இரு பக்கத்திலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். முடிச்சோ தாவும் நூலோ எங்கும் தெரியக் கூடாது.

எப்படிச் செய்வது? ஊசி துணியின் மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி என்று போகும். அப்போது மேலே விட்டுவிட்டு ஓடும் கோடு கிடைக்கும். வந்த வழியே திரும்பினால், போகும்போது கீழே போன அடிகள் இப்போது மேலே வரும். மேலே வந்தவை கீழே போகும். கோடு இரு பக்கமும் நிறைந்துவிடும். நேர்கோட்டுக்கு இது எளிது. கொடியில் கிளை பிரிந்து, கிளையில் இலை பிரிந்து, இலைக்குள் நரம்பு ஓடினால்? ஒவ்வொரு பிரிவிலும் உள்ளே போய், அதன் முனையைத் தொட்டு, போன வழியே திரும்பி வந்து பயணத்தைத் தொடர வேண்டும். எவ்வளவு சிக்கலான வடிவத்திலும் திரும்பும் அடி சரியாக எதிர்ப்பக்கத்தில்தான் விழுமா? விழும். ஒரு கிளைக்குள் போய்த் திரும்பினால், போக எத்தனை அடியோ வரவும் அத்தனை அடி. ஆக மொத்தம் எப்போதும் இரட்டைப்படை. மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வரும் வரிசையில் இரட்டைப்படை அடிகள் கூடினாலும் முறை மாறாது. கிளைக்குள் போகாதது போலவே ஊசி நிற்கும். அதனால் ஓர் அடியை மேலே வைத்துப் போனவள், நடுவில் எத்தனை கிளை சுற்றி வந்தாலும், அதே அடியில் திரும்பும்போது கீழேதான் வருவாள். வளையமாக மூடும் கோடுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். முடிவு என்னவென்றால், விட்டுப்போகாமல் தொடர்ந்திருக்கும் எந்த வடிவத்தையும், நூல் போதிய நீளம் இருந்தால், எங்கும் தாவாமல் இருபக்கமும் ஒன்றாகத் தைத்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம்.

சிக்குக் கோலத்தில் கோட்டை விடாமல் இழுத்துத் தொடக்கப் புள்ளியில் சேர்க்கிற கைக்கு இந்த நிறைவு புரியும். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற கேள்விக்கு லியோனார்ட் ஆய்லர் 1736இல் விடை எழுதினார். கணிதத்தில் வரைபடக் கோட்பாடு என்ற துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரட்டை ஓட்டுத் தையலை அந்தத் துறையின் மொழியில் ஆராய்ந்து ஜோஷுவா ஹோல்டன் என்ற கணிதவியலாளர் எழுதிய கட்டுரை, தையலும் கணிதமும் பற்றிய ஒரு தொகுப்பில் 2008இல் வெளிவந்தது. பாலங்களைப் பற்றி யாரும் யோசிப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாதைகளில் பெண்களின் ஊசி போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் தேற்றமாக எழுதவில்லை. ஆனால் வழியைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். அடுத்த தலைமுறைக்குத் தவறில்லாமல் சொல்லியும் கொடுத்தார்கள்.

பாடம் துணியில் ஏறியது எழுத்தோடும் கணக்கோடும் முடியவில்லை. பெருக்கல் வாய்பாடு, எந்த ஆண்டுக்கும் கிழமை பார்க்கும் நிரந்தர நாட்காட்டி, இங்கிலாந்தின் வரைபடம் எல்லாம் தைத்தார்கள். இவற்றில் என்னை மிகவும் கவர்வது பென்சில்வேனியாவில் குவேக்கர் சமயத்தார் 1799இல் தொடங்கிய வெஸ்ட்டவுன் பள்ளியின் பட்டு உருண்டைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே படித்த பெண்கள் பட்டுத் துணியை இருபுறமும் கூராக ஒடுங்கும் இதழ்களாக வெட்டி, இணைத்துத் தைத்து, உள்ளே கம்பளி அடைத்து உலக உருண்டை செய்தார்கள். நிலநடுக்கோடும் தீர்க்கரேகைகளும் பட்டுநூலில் ஓடும். கண்டங்களின் பெயர்களை மையால் எழுதினார்கள். விண்மீன் கூட்டங்களைக் காட்டும் வான உருண்டையும் உண்டு. தட்டையான துணி எதுவும் சுருக்கம் விழாமல் பந்தைப் போர்த்தாது. அதனால்தான் இதழ்களாக வெட்ட வேண்டியிருக்கிறது. காகிதத்தில் அச்சிட்டு உருண்டை செய்தவர்களும் அதே முறையைத்தான் கையாண்டார்கள். ரேச்சல் கோப் என்ற மாணவி 1816இல் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் உருண்டை செய்யப் போவதைச் சொல்கிறாள். சிரமம் நிறைய இருக்கும். ஆனால் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லவும், பூமியின் வடிவமும் சுழற்சியும் தன் மனத்தில் பதியவும் அது உதவும் என்பது அவள் கருத்து.

இதற்காக சாம்ப்ளரை ஒரு பொற்காலத்தின் அடையாளமாகக் கொண்டாட எனக்கு மனமில்லை. பெண்பிள்ளை பேசாமல், குனிந்து, நெடுநேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும் என்ற நோக்கமும் இந்தப் பயிற்சிக்குள் இருந்தது. கீழ்ப்படிதல், பொறுமை, விரைவில் வரப்போகும் சாவு ஆகியவற்றைப் பற்றிய செய்யுள்களை ஏழு வயதுக் குழந்தை எழுத்தெழுத்தாகக் குத்தி முடித்திருப்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. அதே சமயம், அமெரிக்காவில் அடிமை முறை இருந்த மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில், கருப்பினப் பெண்பிள்ளைகளுக்காக 1828இல் மேரி லாங்கே தொடங்கிய பள்ளியிலும் சாம்ப்ளர் தைத்தார்கள். அங்கே தைத்த பெயரும் ஆண்டும் 'நான் படித்தவள்' என்ற அறிவிப்பு. ஒரே துணி ஓரிடத்தில் கட்டு, இன்னோரிடத்தில் உரிமை.

எல்லா சாம்ப்ளர்களிலும் தனித்து நிற்பது எலிசபெத் பார்க்கர் தைத்தது. தெற்கு இங்கிலாந்தில் ஆஷ்பர்ன்ஹாம் என்ற ஊரில் ஒரு தொழிலாளியின் மகள், 1813இல் பிறந்தவர். 1830 வாக்கில் அவர் தைத்த துணியில் பூ இல்லை, வீடு இல்லை, ஓரக்கொடி இல்லை. வெள்ளை லினனில் சிவப்புப் பட்டுநூலில், மிகச் சிறிய குறுக்குத் தையலில், வரிக்கு மேல் வரியாக உரைநடை. தனக்கு எழுத வராது, அதனால் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவதுபோல் இங்கே சொல்கிறேன் என்று தொடங்குகிறார். சிறுவயதில் வேலைக்குப் போனது, ஒரு வீட்டு எஜமானர் கொடுமைப்படுத்தியது, மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டது, உயிரை விட்டுவிடலாமா என்று தவித்தது, அந்த எண்ணமே பாவமென்று அஞ்சியது, கடவுளிடம் மன்றாடுவது என்று நீள்கிறது. கடைசியில் தன் ஆன்மா என்ன ஆகும் என்று கேட்குமிடத்தில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. கீழே துணி வெறுமையாக இருக்கிறது.

பேனாவில் எழுதினால் சில நிமிடத்தில் முடியும் ஒரு வரிக்கு இழை எண்ணி எண்ணி எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்! அவ்வளவு நேரமும் அந்தச் சொல் அவர் விரலில் இருந்திருக்கிறது. துணி அந்த இடத்தில் நின்றுபோனதால் அவருக்கு என்ன நேர்ந்ததோ என்று பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். பதிவேடுகளைத் தேடிய ஆய்வாளர்கள் நல்ல செய்தி கொண்டுவந்தார்கள். எலிசபெத் உயிரோடு இருந்தார்; அதே ஊரில் பள்ளி ஆசிரியையானார்; சகோதரியின் மகளை வளர்த்தார்; எழுபத்தாறு வயது வரை வாழ்ந்தார்.

தையல் பாடம் கடல் கடந்து நம் பக்கமும் வந்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹேரியட் வின்சுலோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு தையலும் கற்பித்தார்கள். பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மிரன் வின்சுலோவின் மனைவி அவர். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அது அந்த வட்டாரத்துப் பெண்களின் தொழிலாகவே வளர்ந்தது. பிற்காலத்தில் நம் பெண்கள் பள்ளிகளில் தையல் வகுப்பு வந்து, ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா, இழை ஓட்டுதல் என்று சிறு சதுரத் துணிகளில் தைத்து நோட்டில் ஒட்டி மதிப்பெண் வாங்கியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நோட்டும் ஒரு சாம்ப்ளர்தான்.

அப்படிப்பட்ட நோட்டோ, பூவேலை செய்த தலையணை உறையோ, சட்டம் போட்ட கிராஸ் ஸ்டிச் படமோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சன்னல் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், சாயம் இறங்கிவிடும். லாமினேஷன் செய்வதும் பசையால் ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். யார் தைத்தது, எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, அப்போது அவருக்கு என்ன வயது என்பதைத் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். தைத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.